மாற்றுடைப் பை

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்சில் நாங்கள் வளர்த்த நாய் பால்காரரைக்கூட விடாது. வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்து மட்டும் அது ஒரு நாளும் குரைத்ததில்லை. காலை ஏழு மணிவாக்கில் டொக் டொக் என்று அந்தச் சத்தம் தெருமுனையில் தொடங்கும். அம்மா கடிகாரம் பார்க்க மாட்டார். "குர்னிக்காரங்க போயிட்டாங்க, இன்னும் நீ ரிப்பன் கட்டலியா?" என்பார். அப்பா ரயில்வேயில் கிளார்க். நான் 1961இல் பிறந்தவள்.

குர்னி என்பது ஆள் பெயர் என்று எனக்கு வெகுநாள் தெரியாது. சர் ஹென்றி குர்னி மலாயாவின் பிரிட்டிஷ் ஹைகமிஷனர். அவசரகாலத்தில், 1951 அக்டோபர் 6ஆம் நாள், பிரேசர் மலைக்குப் போகும் வழியில் கம்யூனிஸ்டுகள் பதுங்கியிருந்து சுட்டதில் இறந்தார். மலாயா பார்வையற்றோர் சங்கம் தொடங்கியதும் அதே ஆண்டுதான். சில ஆண்டுகளுக்குள் கிள்ளான் ஆற்றங்கரையில், ஜாலான் தெபிங்கில், சங்கம் ஒரு பயிற்சி நிலையத்தைத் திறந்து அதற்கு அவர் பெயரை வைத்தது. தெபிங் என்றால் மலாயில் கரை. பெயருக்கேற்ற கரைதான். 1971 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் வீட்டுக் கட்டில் மிதந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பிரம்பு முடைதல், தட்டச்சு, தொலைபேசி சுவிட்ச்போர்டு, பிரெயில் எல்லாம் அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். வெளியூர்களிலிருந்து வந்தவர்கள் படிப்பு முடிந்தும் ஊர் திரும்பவில்லை. இங்கேயே அறை எடுத்துத் தங்கி, கல்யாணம் செய்து, பிள்ளை பெற்றார்கள். கடைக்காரர்கள் மீதிக் காசை உள்ளங்கையில் ஒவ்வொன்றாக, சொல்லிச் சொல்லி வைக்கப் பழகினார்கள். இன்று ஜாலான் தம்பிப்பிள்ளைப் பக்கம் இருக்கும் உடம்புபிடி நிலையங்களும், நடைபாதையில் காலுக்குத் தட்டுப்படும் மஞ்சள் ஓடுகளும் பின்னால் வந்தவை. வழிவிட்டு நடக்கும் பழக்கம் அவற்றுக்கு முன்பே வந்துவிட்டது. பூக்கடையும் கேசட் கடையும் இருந்த தெருவுக்கு 2010இல் வளைவு கட்டி 'லிட்டில் இந்தியா' என்று பெயர் வைத்தார்கள். என்னைக் கேட்டால் இந்த ஊருக்கு அடையாளம் அந்தக் கோல் சத்தம்தான்.

கோல் சத்தம் ஒரு பக்கம் என்றால் சத்தமே இல்லாத கூட்டம் இன்னொரு பக்கம். 70களில் ஜாலான் பாடாங் பெலியா ஒய்.எம்.சி.ஏ.யில் காது கேளாத இளைஞர்கள் கூடுவார்கள். கூட்டம் முடிந்ததும் வெளியே தெருவிளக்குக்குக் கீழே நிற்பார்கள். இருட்டில் கை தெரியாதல்லவா. அந்தக் கைகள் பேசிய மொழி பினாங்கிலிருந்து ரயிலேறி வந்தது. தஞ்சோங் பூங்காவில் 1954இல் தொடங்கிய கூட்டரசு காது கேளாதோர் பள்ளிக்கு ஹைகமிஷனர் டெம்ப்ளரின் மனைவி முன்னின்றார். அங்கே உதட்டைப் பார்த்துப் படி, வாயால் பேசு என்பதுதான் பாடம். கையால் பேசக் கூடாது. பகலில் வாத்தியார் தடுத்ததைப் பிள்ளைகள் இரவில் விடுதியில் தங்களுக்குள் வளர்த்துக்கொண்டார்கள். 1976இல் பிரான்சிஸ் பார்சன்ஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி, அவரும் காது கேளாதவர், இங்கே வந்து சைகையும் சேர்த்துக் கற்பிக்கும் முறையை எடுத்துச் சொன்ன பிறகுதான் வகுப்பறைக்குள்ளும் கைகள் அசைய ஆரம்பித்தன. விடுதியில் விளக்கணைத்த பிறகும் பக்கத்துக் கட்டிலின் கையைத் தடவிப் பேசுவோம் என்று அங்கே படித்த ஒருவர் எனக்கு எழுதிக் காட்டியிருக்கிறார்.

பார்வையற்ற பிள்ளைகளுக்கான பள்ளி இன்னும் பழையது. 1926இல் மலாக்காவில் ஆங்கிலிக்கன் சபையார் செயின்ட் நிக்கலஸ் இல்லத்தைத் தொடங்கினார்கள். 1931இல் அது பினாங்குக்கு மாறியது. போருக்குப் பிறகு 1948இல் ஜொகூர் பாருவில் இளவரசி எலிசபெத் பெயரில் இன்னொரு பள்ளி வந்தது. தமிழர்களுக்கு இதெல்லாம் புதுச் செய்தி என்று நினைக்க வேண்டாம். 1890களிலேயே பாளையங்கோட்டையில் பார்வையற்றோருக்கு ஆஸ்க்வித் அம்மையாரும் காது கேளாதோருக்கு ஸ்வெய்ன்சன் அம்மையாரும் பள்ளி தொடங்கிவிட்டார்கள். அந்த வட்டாரத்து ஆட்கள் கப்பலேறி இங்கே வந்தார்கள், பள்ளிதான் வரவில்லை.

60களில் கல்வி அமைச்சு இப்படிப்பட்ட பிள்ளைகளைச் சாதாரணப் பள்ளிகளிலேயே ஒரு வகுப்பாகச் சேர்க்கத் தொடங்கியது. 1962இல் பார்வையற்றவர்கள், 1963இல் காது கேளாதவர்கள். கண்ணுக்குப் பள்ளி, காதுக்குப் பள்ளி என்று ஆயிற்று. கண்ணும் காதும் சரியாக இருந்து, பேச்சும் அறிவும் பிந்திய பிள்ளைக்கு என்ன?

அந்தப் பிள்ளையை நான் முதலில் பார்த்தது பள்ளியில் இல்லை, ஆயாக் கொட்டாயில். பெரியம்மா வீடு கிள்ளான் பக்கத்துத் தோட்டம் ஒன்றில். பள்ளி விடுமுறைக்குப் போவேன். பால் வெட்டுக்கு விடியற்காலையில் போகிற தாய்மார்கள் கைக்குழந்தைகளைக் கொட்டாயில் விட்டுப் போவார்கள். வரிசையாகச் சீலைத்தூளி, மூலையில் பால் காய்ச்சும் அடுப்பு, நடுவில் ஆயா. அந்தத் தூளிகளுக்கு நடுவே பத்து வயதுப் பையன் ஒருவன் உட்கார்ந்திருப்பான். வாயில் எச்சில் வழியும். ஆயா போகிற போக்கில் தோளில் கிடக்கும் துண்டால் அதைத் துடைத்துவிட்டுப் போவார். நான் பார்த்த மூன்று விடுமுறையிலும் அவன் அங்கேயே இருந்தான். "இவன் ஏன் ஸ்கூலுக்குப் போகல?" என்று கேட்டேன். "வாயில்லாப் பிள்ளம்மா, அங்க யாரு பாப்பா?" என்றார் ஆயா.

அங்கே யார் பார்ப்பார் என்ற கேள்விக்குப் பிறகு வந்த முப்பது ஆண்டுச் சட்டங்கள் எதிலும் எனக்கு நேரான பதில் கிடைக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். சிறப்புக் கல்வியின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பள்ளி திறந்த ஆண்டையும் சட்டம் வந்த ஆண்டையும் எழுதுகிறார்கள். என் கணக்கில் முதல் பெயர் ஆயா. தோட்ட நிர்வாகம் பிள்ளை காப்பகம் வைத்தது தாய் வேலைக்கு வரவேண்டும் என்பதற்காக. அந்த ஏற்பாட்டில், யாரும் சொல்லாமலேயே, சம்பளத்தில் ஒரு காசு கூடாமலேயே, பள்ளிக்குப் போகாத பிள்ளையையும் அவர் பார்த்துக்கொண்டார்.

சபைகளும் சங்கங்களும் சிலவற்றைச் செய்தன என்பதையும் சொல்ல வேண்டும். 60களில் பெட்டாலிங் ஜெயாவில் ஸ்பாஸ்டிக் பிள்ளைகளுக்கான சங்கம் நடந்தது. பேராக்கில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம் லுத்தரன் சபையாரின் முயற்சியில் பெத்தானி இல்லம் வந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு அதுதான் முதல் பள்ளி. அரசாங்கம் வாய் திறந்தது 1979இல். கல்விக் கொள்கையை ஆராய்ந்த அமைச்சரவைக் குழு, உடற்குறையுள்ள பிள்ளைகளின் கல்விக்கு அரசாங்கமே முழுப் பொறுப்பேற்க வேண்டும் என்று அந்த ஆண்டு பரிந்துரை செய்தது. பிரிட்டனில் வார்னாக் அறிக்கை வந்து ஓராண்டு, அமெரிக்காவில் எல்லாப் பிள்ளைக்கும் கல்வி என்று சட்டம் போட்டு நான்காண்டு ஆகியிருந்த நேரம். இங்கே பரிந்துரை வகுப்பறையாவதற்கு இன்னும் ஒன்பது ஆண்டுகள் பிடித்தன. 1988இல் கோலாலம்பூர் ஜாலான் பத்து தேசியப் பள்ளியில் கற்றல் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு முன்னோடி வகுப்பு தொடங்கியது.

நான் அப்போது ஒரு பள்ளியில் மூன்றாம் ஆண்டுக்குக் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். சிறப்புக் கல்விப் பயிற்சிக்கு ஆள் கேட்டுச் சுற்றறிக்கை வந்தபோது விண்ணப்பித்ததற்கு உயர்ந்த காரணம் எதுவும் இல்லை. பயிற்சி செராசில், சிறப்பாசிரியர் பயிற்சிக் கல்லூரியில். வீட்டுக்குப் பக்கம். கைக்குழந்தையை அம்மாவிடம் விட்டுவிட்டுப் போய்வரலாம்.

அந்தக் கல்லூரியில் கற்ற ஒன்று இன்றும் என் கையில் இருக்கிறது. ஒரு வேலையைப் பின்னாலிருந்து முன்னாகச் சொல்லிக் கொடு என்றார் விரிவுரையாளர். காற்சட்டை போடுவது எட்டுப் படி என்றால் ஏழு படியை நீ செய்துவிடு. ஜிப்பைக் கடைசி அரை அங்குலம் வரை நீயே இழு. அந்த அரை அங்குலத்தைப் பிள்ளை இழுக்கட்டும். இழுத்ததும், 'நீயே போட்டுக்கிட்டே' என்று சொல். அடுத்த வாரம் ஒரு அங்குலம். முன்படியிலிருந்து தொடங்கினால் பிள்ளைக்கு ஒவ்வொரு நாளும் தோல்வியிலேயே முடியும், கடைசிப் படியில் தொடங்கினால் ஒவ்வொரு நாளும் வேலை முடிந்த சந்தோஷம். ஒரு பையனுக்கு அந்த ஜிப் மேலே வந்துசேர எனக்கு ஏழு மாதம் ஆனது.

1993இல் கிள்ளானில் ஒரு தேசியப் பள்ளிக்கு மாற்றினார்கள். பெயர் வேண்டாம். எங்களுக்குக் கொடுத்த அறை, விளையாட்டுச் சாமான் வைத்திருந்த ஸ்டோர். ஜன்னல் ஒன்று, மின்விசிறி ஒன்று. கழிவறைக்குப் பக்கத்தில் இருந்ததால் வசதி என்று தலைமையாசிரியர் சொன்னார். கழிவறை இருந்தது உண்மைதான், தண்ணீர்தான் பத்து மணிக்கு மேல் வராது. மற்ற ஆசிரியர்கள் ஓய்வறையில் என்னைப் பார்த்து, "உங்களுக்கென்ன டீச்சர், பத்துப் பிள்ளைதானே, பரீட்சைப் பேப்பர் திருத்த வேண்டாம்" என்பார்கள். நான் சிரித்துவைப்பேன். மணிக்கட்டில் பல் பதிந்த தழும்பை மறைக்க அகலமான வளையல் போட்டுக்கொண்டு போன காலம் அது.

வகுப்பில் எல்லா இனத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். பாடம் மலாயில். வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்த, ஐந்து வயது வரை பேச்சே வராத பிள்ளைக்கு, முதல் முதலாக வருகிற சொல் 'ஆயர்' ஆக வேண்டுமா 'தண்ணி' ஆக வேண்டுமா? நான் 'தண்ணி'யையே ஏற்றுக்கொண்டேன். மேற்பார்வைக்கு வந்தவர் ஒருவர் அதைக் குறிப்பேட்டில் குறையாக எழுதிவைத்துவிட்டுப் போனார். தமிழ்ப் பள்ளிகளில் இந்த வகுப்புகள் வந்தது பிந்தித்தான், வந்த பின்னும் சில பள்ளிகளில்தான். நம் பெற்றோர்களும் ஒரு காரணம். பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று எதிர்த்த கூட்டத்தில் நானே உட்கார்ந்திருக்கிறேன்.

1996இல் புதிய கல்விச் சட்டம் வந்தது. அதில் சிறப்புக் கல்விக்குத் தனி அத்தியாயம். அதற்கு முந்திய ஆண்டே அமைச்சில் சிறப்புக் கல்விக்குத் தனி இலாகா அமைத்திருந்தார்கள். நாங்கள் எல்லாரும் சந்தோஷப்பட்டோம். 1997இல் விதிகள் வந்தன. இந்த வகுப்பில் சேர வேண்டுமானால் பிள்ளை பிறர் உதவி இல்லாமல் தன்னைத் தானே கவனித்துக்கொள்ள வேண்டும், அதை மருத்துவர், கல்வி அதிகாரி, நல இலாகா அதிகாரி அடங்கிய குழு உறுதி செய்ய வேண்டும் என்றன அந்த விதிகள். கடுமையான குறைபாடு உள்ளவர்களும், ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு உள்ளவர்களும் வாசலுக்கு வெளியே. அவர்களுக்குச் சமூக நல இலாகாவின் பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வு நிலையங்கள் இருந்தன. 1984இல் திரெங்கானு பத்து ராக்கிட்டில் தொடங்கிய திட்டம் அது. இருந்தாலும் பி.டி.கே. பள்ளி ஆகாது.

அந்த விதியை நான் இப்படிப் படித்தேன்: பிள்ளை தானே எல்லாம் செய்துகொள்ளும் என்று எழுதிவிட்டால், செய்துவிட ஒரு ஆள் தேவையில்லை. ஆள் தேவையில்லை என்றால் பதவி தேவையில்லை. பதவி இல்லை என்றால் சம்பளம் இல்லை. ஒரே வரியில் பிள்ளையையும் வடிகட்டியாயிற்று, உதவியாளையும் வடிகட்டியாயிற்று.

பிள்ளை என்னவோ விதியைப் படிக்கவில்லை. குழுவின் முன்னால் அரை மணி நேரம் சமர்த்தாக இருந்துவிட்டு, வகுப்புக்கு வந்த முதல் நாளே காற்சட்டையை நனைத்தது. அப்போதுதான் அக்கா வந்தார்.

அவர் வந்தது துப்புரவு வேலைக்கு. பள்ளித் துப்புரவைக் குத்தகைக்காரர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்த காலம். பிறந்து வளர்ந்த தோட்டம் வீடமைப்புக்கு விற்றுப்போய், லயத்தை இடித்து, குடும்பம் கிள்ளானில் மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்திருந்தது. அந்த வட்டாரத்தில் புக்கிட் ராஜா, ஹைலண்ட்ஸ் என்று தோட்டத்தின் பெயரைத் தாங்கிய தமிழ்ப் பள்ளிகள் இன்றும் இருக்கின்றன. ரப்பரும் செம்பனையும் நின்ற இடத்தில் வீடும் தொழிற்சாலையும் நிற்கின்றன. அக்காவின் தாயார் தோட்டத்தில் ஆயாவாக இருந்தவர் என்று எனக்கு இரண்டு வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. தெரிந்தபோது ஆச்சரியமாக இல்லை.

முதல் நாள் தரையைத் துடைக்கக் கூப்பிட்டேன். தரையைத் துடைத்தார், பையனையும் கழுவினார். மறுநாள் கேட்காமலேயே ஒரு துணிப்பை கொண்டுவந்து கதவின் பின்னால் மாட்டினார். கடைத்தெரு ஜவுளிக்கடைப் பை. உள்ளே நான்கு காற்சட்டை, இரண்டு பாவாடை, ஒரு துண்டு, பாதிச் சோப்பு. பேரப்பிள்ளைகளின் பழைய துணி. பை அழுக்கானபோது பை மாறியது, ஆணி மாறவில்லை. பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்த ஆணியில் ஏதோ ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது.

அக்காவின் கெட்டிக்காரத்தனத்தை ஒரு சம்பவத்தில் சொல்கிறேன். பேச்சு வராத ஒரு பையன் தினமும் நனைத்துவிடுவான். மணி பார்த்து அழைத்துப் போ என்று புத்தகம் சொன்னது, நான் மணி பார்த்து அழைத்துப் போனேன். அங்கே ஒன்றும் ஆகாது, வகுப்புக்குத் திரும்பியதும் ஆகும். அக்கா சுவரில் மாட்டியிருந்த, பந்தய நாள் குறித்த குதிரைக் காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். பள்ளிக்கூடத்தில் குதிரைக் காலண்டர் கூடாதுதான். ஆனால் ஒவ்வொரு நாளுக்கும் பெரிய கட்டம் உள்ள காலண்டர் வேறு எது? மூன்றாவது வாரம் என்னிடம் வந்து, "டீச்சர், அவன் மணி பாக்கல. காதைப் புடிக்கிறான் பாருங்க" என்றார். பார்த்தேன். வலது காது மடலை இரண்டு தரம் இழுத்தான். அழைத்துப் போனோம். வேலை முடிந்தது. அன்றைக்கே காது மடலைத் தொடுவதைக் கழிவறைக்கான சைகையாக எல்லாருக்கும் வைத்துவிட்டோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம், ஆர்.பி.ஐ., எழுத வேண்டும் என்பார்கள். அந்தப் பையனின் ஆர்.பி.ஐ.யில் நான் எழுதிய நல்ல பக்கங்கள் குதிரைக் காலண்டரைப் பார்த்து எழுதியவை. கையொப்பம் என்னுடையது.

குத்தகை இரண்டு ஆண்டுக்கொரு முறை கைமாறும். புதுக் குத்தகைக்காரர் வந்தால் அக்காவுக்கு வேலை இருக்குமா என்று எங்கள் வயிற்றில் புளி கரையும். ஒரு முறை அவரை வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று மாதம். வகுப்பில் இரண்டு பிள்ளைகள் சாப்பிடுவதை நிறுத்தினார்கள், ஒருவன் வாசலிலேயே உட்கார்ந்துகொண்டான். பெற்றோர்கள் சேர்ந்து ஆளுக்குப் பத்து வெள்ளி போட்டு, அக்காவை அவர்களே வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். பள்ளி நிர்வாகம் வெளியாளை வளாகத்துக்குள் விட முடியாது என்றது. இதில் நிர்வாகத்தைக் குறை சொல்லவும் எனக்கு முழு மனம் வரவில்லை, பாதுகாப்பு விதி அப்படி. கடைசியில் ஒரு தகப்பனார் அந்தக் குத்தகைக்காரரை நேரில் போய்ப் பார்த்து எப்படியோ பேசி அழைத்து வந்தார். எப்படி என்று நாங்கள் கேட்கவில்லை.

மாணவர் நலன் என்று இப்போது பயிலரங்கு நடத்துகிறார்கள். நானும் போயிருக்கிறேன். மூச்சை இழுத்துவிடச் சொன்னார்கள், வண்ண அட்டையில் முகம் வரையச் சொன்னார்கள். நல்லதுதான். எனக்குத் தெரிந்த மாணவர் நலன், காலையில் வாசலில் நேற்று நின்ற அதே ஆள் நிற்பது. ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு முகம் மாறினால் உலகமே மாறிவிட்ட மாதிரி. அதே முகம் நாளைக்கும் நிற்க வேண்டுமானால் அந்த முகத்துக்கு நிரந்தர வேலை வேண்டும், முதுகு வலிக்கு விடுப்பு வேண்டும், விடுப்பில் போனால் நிற்க ஒரு மாற்று ஆள் வேண்டும்.

மேடையில் பேச வருகிறவர்கள் இந்தப் பிள்ளைகளைத் தெய்வக் குழந்தைகள் என்பார்கள். எனக்கு எரிச்சல் வரும். கோயிலில் தெய்வத்துக்கு உடை மாற்றக் குருக்கள் இருக்கிறார், அவருக்குச் சம்பளம் உண்டு, தட்டில் காசும் விழும். தீபாவளிக்கு முன் வாரம் எங்கள் வகுப்புக்கு வந்து முறுக்கும் துணியும் கொடுத்துப் படம் பிடித்துக்கொண்டு போனவர்கள் ஒருவர்கூட ஓரத்தில் துடைப்பத்துடன் நின்ற அக்காவைப் படத்துக்குள் கூப்பிட்டதில்லை.

2000களின் பாதியில் எங்கள் பள்ளிக்கு அந்தப் பதவி வந்தது. பெம்பாந்து பெங்குருசான் மூரிட். பி.பி.எம். என்பார்கள், மாணவர் நிர்வாக உதவியாளர். அரசாங்க வேலை, ஓய்வூதியம், மருத்துவம் எல்லாம் உண்டு. ஆயா கையிலிருந்த வேலைக்கு ஒருவழியாக அரசாங்க முத்திரை விழுந்துவிட்டது. நான் ஓடிப்போய் அக்காவிடம் விண்ணப்பத்தைக் கொடுத்தேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எஸ்.பி.எம். சான்றிதழ் கேட்டிருந்தது. அக்கா தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். வயதும் கடந்திருந்தது.

வந்த பெண் இருபத்திரண்டு வயது மலாய்ப் பெண். நல்ல பிள்ளை. முதல் வாரமே ஒரு பையன் அவள் முக்காட்டைப் பிடித்து இழுத்ததில் கழிவறைக்குள் போய் அழுதாள். அக்காதான் உள்ளே போய்க் கூட்டிவந்தார். ஊசி இல்லாமல் முக்காட்டைச் செருகிக் கட்டச் சொன்னார், பையன் இழுத்தாலும் கையோடு வந்துவிடும், கழுத்து இறுகாது. கடிக்க வந்தால் கையைப் பின்னால் இழுக்காதே, வாய்ப் பக்கமே தள்ளு, விட்டுவிடுவான் என்றும் சொல்லிக் கொடுத்தார். நான் செராசில் கற்றதும் அதுதான். அக்கா எங்கே கற்றார் என்று கேட்டேன். "எங்கம்மாவைக் கடிக்காத புள்ளையா?" என்றார். அதன் பிறகு அந்தப் பெண் அவரை மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிட ஆரம்பித்தாள். ஐந்து ஆண்டு இருவரும் சேர்ந்தே செய்தார்கள், ஒருத்திக்குப் பதவி, இன்னொருத்திக்குத் துடைப்பம்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 2008இல் உடற்பேறு குறைந்தோர் சட்டம். ஆசிரியர்களுக்கு மாதம் 250 வெள்ளி சிறப்புப் படி, பிள்ளைகளுக்கு மாதம் 150 வெள்ளி உதவித்தொகை. 2013இல் விதிகள் மாறி, பிள்ளையை மூன்று மாதம் வரை வகுப்பில் வைத்துப் பார்த்த பிறகு முடிவு செய்யலாம் என்று ஆயிற்று. 2019 முதல் எந்தப் பிள்ளையையும் திருப்பி அனுப்பக் கூடாது என்ற கொள்கை. அது சரியான கொள்கை, இருபது ஆண்டு பிந்திய கொள்கை. வாசல் திறந்ததும் எங்களுக்கு வந்த பிள்ளைகள் முன்பு வந்தவர்கள் அல்ல. குழாயில் உணவு போகிறவர்கள், வலிப்பு வருகிறவர்கள், பதினான்கு வயதில் என்னைவிடக் கனமாக இருந்து டயபர் மாற்ற வேண்டியவர்கள். பிள்ளைகள் கூடினார்கள், பி.பி.எம். கூடவில்லை.

2020 மார்ச் 18, நடமாட்டக் கட்டுப்பாடு. எங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணினித் திரையில் என்னைக் காட்டியபோது ஒருவன் திரையின் பின்னால் போய் என்னைத் தேடினான். இன்னொருவன் தினமும் காலை பள்ளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அடுக்குமாடியின் மின்தூக்கி முன் நின்றதாக அவன் தாயார் சொன்னார். அவனுக்காக அந்த பி.பி.எம். பெண், அதற்குள் அவளுக்கே இரண்டு பிள்ளைகள், தினமும் ஏழரைக்குக் குரல் பதிவு அனுப்பினாள். பள்ளி வாசலில் சொல்லும் அதே வாக்கியம், அதே இழுவை. அதைக் கேட்டால்தான் சாப்பிட உட்காருவான். யாரும் அவளை அனுப்பச் சொல்லவில்லை.

நான் 2021இல் ஓய்வு பெற்றேன். பிரிவுபசாரம் திரையில்தான். அக்கா அதற்குப் பல ஆண்டு முன்பே முட்டி தேய்ந்து நின்றுவிட்டார். கடைசி நாளில் பையைக் கழற்றி, துவைத்து, உள்ளே இருந்த துணிகளை அளவு பார்த்து அடுக்கி, அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

இந்த ஆண்டு உங்கள் வீட்டுப் பிள்ளையையோ உறவில் ஒரு பிள்ளையையோ இந்த வகுப்பில் சேர்க்கப் போகிறீர்கள் என்றால், அறையில் ஏர்கோன் இருக்கிறதா என்று கேட்பதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை பிள்ளைகளுக்கு எத்தனை பி.பி.எம். என்று கேளுங்கள். அவர்களில் ஒருவர் விடுப்பில் போனால் அன்றைக்கு யார் நிற்பார் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் இல்லை என்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள், நாலு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டு மாவட்டக் கல்வி இலாகாவுக்கு அனுப்புங்கள். போகும்போது பிள்ளையின் பழைய காற்சட்டை இரண்டைத் துவைத்து எடுத்துப் போங்கள். கதவுக்குப் பின்னால் ஆணி இருக்கும்.